திருநீற்றுப் பொட்டலம்

சூரிச்சில் ட்ராம் தரிப்பு. ராசன் அண்ணையை இரண்டு பொலிஸ்காரர் சுவரோடு நிறுத்தியிருக்கிறார்கள். ஒன்பது மணிக்கு அவருக்கு அகதி விசாரணை; அடுத்த ட்ராமை விட்டுப் பிந்தினால் ஊருக்குத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அவர் சட்டைப்பையில் இருந்த திருநீற்றைப் போதைத்தூள் என்று ஒருவன் முகர்ந்து பார்க்கிறான்.

பக்கத்துக் கடையில் தொங்கும் பத்திரிகையில், பிடிபட்ட மெக்சிக்கோப் போதைக் கடத்தல் தலைவனின் படம். ஒரு நாட்டையே ஆட்டிவைத்த அவன் கூட்டம் சிதறிவிட்டதாம். பணம் மட்டும் இந்த ஊர் வங்கியில் பத்திரமாக இருக்கிறதாம். அண்ணைக்குத் துணையாக வந்த நான் அதை வாசித்துக்கொண்டு நிற்கிறேன்.

திருநீற்றைத் தரையில் கொட்டிவிட்டுத்தான் பொலிஸ் போகிறது.

"அவன்ர காசு வரேக்க ஆரும் மணந்து பாத்தவையோ, தம்பி?" என்கிறார் அண்ணை, பத்திரிகைப் படத்தைக் காட்டி.

"ட்ராம் வெளிக்கிடுது, ஓடுங்கோ அண்ணை!"

அவர் குனிந்து, தரையில் கிடந்ததைத் தொட்டு நெற்றியில் பூசிக்கொண்டு ஓடுகிறார். அவர் எட்டுமுன் கதவு மூடிவிடுகிறது. இந்த ஊரில் ட்ராம் பிந்துவதே இல்லை.