கஞ்சி குடித்த எஞ்சின்

ஒரு முழக் குச்சியின் ஒரு முனையைப் பல்லால் கடித்துக்கொண்டு, மறுமுனையை எஞ்சினின் சிலிண்டர்மேல் வைத்துக் கண்ணை மூடிக்கொள்கிறார் ஜேபஸ் டின்னிங். சுற்றிலும் நாற்பது பேர் சுத்தியல் அடிக்கிறார்கள். அவருக்கு அது தொந்தரவே இல்லை. காது போய் இருபது வருடமாகிறது. இளவயதில் கொதிகலனுக்குள் உட்கார்ந்து, வெளியே அடிக்கிற ஆணிகளுக்கு உள்ளிருந்து முட்டுக் கொடுக்கிற வேலை பார்த்தவர். அதில் போன காதின் வேலையை இப்போது பல் பார்த்துக்கொள்கிறது. சற்றுக் கழித்துக் குச்சியை எடுத்துவிட்டு, “இடது பக்கம் மூக்கடைச்ச மாதிரி மூச்சு விடுது. கழட்டு” என்கிறார். கழற்றினால் அங்கே ஏதாவது இருக்கும். ஒருமுறை யாரோ ஒருவருடைய புகைக்குழாயின் உடைந்த துண்டு இருந்தது. யாருடையது என்பதையும் அவரே சொல்லிவிட்டார். அந்த ஆள் இரண்டு நாளாகப் புகைக்காமல் எரிந்து எரிந்து விழுந்துகொண்டிருந்தானாம்.

கேட்ஸ்ஹெட் ஊரில், ஆற்றைப் பார்த்த சரிவில் இருக்கிறது அவருடைய ரயில் எஞ்சின் பட்டறை. பெல்ஜியத்திலிருந்து வரும் பிரெஞ்சுக் கடிதங்களைப் படித்துச் சொல்லவும் பதில் எழுதவும் வாரத்தில் மூன்று நாள் நான் அங்கே போகிறேன். மற்றவர்கள் பேசுவதை உதட்டசைவில் படித்துக்கொள்ளும் அவர், காது கேளாதவர்களின் வழக்கப்படி எல்லாவற்றையும் உரக்கத்தான் சொல்லுவார். அந்தரங்கக் கடிதங்கள்கூட ஆற்றின் அக்கரைக்குக் கேட்கும்.

“‘எங்க சக்கரம் நல்லாத்தான் இருக்கு, உங்க தண்டவாளம்தான் கோணல்’னு எழுதும்மா.”

“அப்படியே எழுதிவிடவா?”

“மரியாதையா எழுது. நாலு வணக்கம் சேர்த்துக்கோ. ஆனா கோணல்ங்கறது மட்டும் விட்டுப் போகக்கூடாது.”

காகிதத்தில் வரைவது அவருக்குப் பிடிக்காது. “காகிதத்துல எஞ்சின் எலி அளவு இருக்கு. எலியைப் பாத்து யானை செய்ய முடியுமா?” என்பார். பட்டறையின் பலகைத் தரையில் சுண்ணக்கட்டியால் முழு அளவில் எஞ்சினை வரைந்துவிடுவார். அது இருக்கும்வரை எல்லாரும் சுவரோரமாகவே நடக்க வேண்டும். இரண்டு வருடத்துக்கு முன் அவர் மனைவி தாமசின், வெளியூர் விருந்தாளி வருகிறார் என்று தரையை நன்றாகக் கழுவிவிட்டார். நான்கு நாள் வேலை வாளித் தண்ணீரோடு போயிற்று. ஜேபஸ் வாசலில் நின்று பார்த்தார். பிறகு முழங்காலிட்டு மறுபடியும் வரைந்தார். இந்த முறை புகைபோக்கி ஒரு சாண் உயரம் குறைந்தது, எஞ்சின் முன்னைவிட நன்றாக ஓடியது. இன்றைக்கும் தாமசின், “அந்த எஞ்சின் பாதி என்னோடது” என்று சொல்லிக்கொண்டுதான் துடைப்பத்தை எடுப்பார்.

எஞ்சின்களுக்குப் பெயர் வைப்பதும் தாமசின்தான். அவருக்கு ஆறு தங்கைகள். முதல் எஞ்சின் ரூத். அது சொன்ன பேச்சைக் கேட்டது. இரண்டாவது மெர்சி, அதிகமாக நிலக்கரி தின்றது. இந்த வருடத்து எஞ்சினின் பெயர் டோர்கஸ். அந்தத் தங்கை டோர்கஸை நான் பார்த்திருக்கிறேன். பறவை செத்தாலும் அழுவார், பறந்தாலும் அழுவார். எஞ்சினும் அப்படியே வாய்த்தது. கொதிகலனுக்குள் நெருப்புப் போகிற குழாய்கள் எங்கெங்கோ கசிந்து, அடுப்பில் தண்ணீர் சொட்டுச் சொட்டாக விழுந்தது.

டோர்கஸைக் கேட்டிருந்தது பிளாக்ஹோப் சுரங்க ரயில் கம்பெனி. பன்னிரண்டு வண்டி நிலக்கரியோடு பார்ன்மூர் மேட்டை நிற்காமல் ஏறிக் காட்ட வேண்டும். காட்டினால் இன்னும் நான்கு எஞ்சின் செய்யச் சொல்வார்கள். இல்லையென்றால் குதிரைகளையே வைத்துக்கொள்வார்கள். டின்னிங் பட்டறையும் முன்போல அந்தக் குதிரைகளுக்கு லாடம் அடிக்கப் போக வேண்டியதுதான். ஒப்பந்தத்தில் இன்னொரு வரியும் இருந்தது: ‘கொதிகலனில் தண்ணீரைத் தவிர வேறெதுவும் சேர்க்கலாகாது.’

அந்த வரியை எழுதியவருக்கு விஷயம் தெரிந்திருக்கிறது. கசிகிற எஞ்சினுக்குத் தண்ணீரில் ஒரு பிடி ஓட்ஸ் மாவைக் கரைத்து ஊற்றினால், அது உள்ளே போய் வெந்து, சந்துகளில் அடைத்துக்கொள்ளும். இந்தப் பக்கத்தில் எல்லாப் பட்டறையிலும் செய்வதுதான். வாங்குகிறவரிடம் மட்டும் யாரும் சொல்வதில்லை.

பரீட்சை சென்ற மாதம் நடந்தது. அன்று காலை ஏழு மணிக்கு நான் மேட்டடிக்குப் போனபோது, எஞ்சினுக்குப் பின்னால் இருந்த தண்ணீர்ப் பீப்பாய்மேல் ஜேபஸ் குனிந்திருந்தார். கோட்டுப் பையிலிருந்து மாவு போய்க்கொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் தம்மால் முடிந்த அளவு மெதுவாகச் சொன்னார்: “தாமசின்கிட்ட சொல்லிடாதேம்மா. தங்கச்சி பேரு வெச்சது ஒழுகுதுன்னா மூஞ்சியத் தூக்கி வெச்சுக்குவா.”

அவர் அந்தப் பக்கம் போனதும் தாமசின் வந்தார். மேலங்கியின் மடியிலிருந்து மாவைக் கொட்டி, கரண்டியால் கலக்கினார். “அவருகிட்ட மூச்சு விடாதே. மனுசன் ரோஷக்காரன். ஒழுகுதுன்னு தானா வாயத் திறக்கமாட்டான்.”

இருவரிடமும் சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். இரண்டு வாக்கையும் காப்பாற்றினேன். மேஸ்திரி கத்பர்ட் எங்கள் எல்லாருக்கும் முன்பே வந்து ஒரு சட்டி மாவு கரைத்துவிட்டுப் போயிருந்தார் என்பது எனக்கு அப்போது தெரியாது.

பத்து மணிக்குக் கமிட்டி வந்தது. தலைவர் மிஸ்டர் ஓர்ம்ஸ்டன், அவரோடு ஐந்து பேர். ஆறு உயரமான கறுப்புத் தொப்பிகள். எஞ்சினுக்குப் பக்கத்திலேயே நின்று பார்க்க வேண்டும் என்றார்கள். ஜேபஸ் நீராவியைத் திறந்தார். டோர்கஸ் நாலு அடி நகர்ந்தது, விக்கியது, இருமியது. பிறகு, சிலிண்டரில் வேலை முடிந்த நீராவி வெளியேறுகிற புகைபோக்கியிலிருந்து புகைக்குப் பதிலாக வெள்ளைக் கஞ்சி பொங்கி மேலே போயிற்று. மேலே போனது ஆறு தொப்பிகளிலும் சமமாக இறங்கியது.

கமிட்டி இருபது அடி தள்ளிப் போய் நின்றது. கத்பர்ட் தாமசினைப் பார்த்தார். தாமசின் ஜேபஸைப் பார்த்தார்.

“நீயுமா போட்டே?” என்று தாமசின் உதட்டை மட்டும் அசைத்துக் கேட்டார்.

“நீ எவ்வளவு?”

“மடி நிறைய.”

“நான் ஒரு சட்டிங்க மாஸ்டர்,” என்றார் கத்பர்ட், யாரும் கேட்காமலே.

ஜேபஸ் ஓர்ம்ஸ்டனிடம் போய், “தண்ணிய மாத்திட்டு இன்னொரு தடவை ஏத்திக் காட்டறேங்க. ரெண்டு மணி நேரம் குடுங்க,” என்றார். ஓர்ம்ஸ்டன் கைக்குட்டையால் முகத்தை மட்டும் துடைத்துக்கொண்டு, “ரெண்டு மணி நேரம். அதுக்கு மேல ஒரு நிமிஷம் இல்லை,” என்றார்.

கொதிகலனையும் பீப்பாயையும் காலி செய்து, நல்ல தண்ணீர் விட்டு, மறுபடி நெருப்பு மூட்டினார்கள். நேரம் போக வேண்டுமே என்று தாமசின் நிலக்கரி அள்ளுகிற மண்வாரியைக் கழுவி, அடுப்பு வாயில் நீட்டி, பன்றிக்கறித் துண்டுகளை வாட்டிக் கமிட்டிக்குக் கொடுத்தார். “சாப்பிடுங்க ஐயா. தொப்பி போனா போகட்டும், வயிறு என்ன பாவம் பண்ணுச்சு?” முதலில் மறுத்தவர்கள் மூன்றாவது சுற்றுக்கு மண்வாரியருகே வந்து நின்றார்கள்.

இரண்டாம் முறை டோர்கஸ் விக்கவில்லை. உள்ளே வெந்த மாவு எல்லாச் சந்துகளையும் அடைத்திருந்தது. ஒரு சொட்டு கசியவில்லை. பன்னிரண்டு வண்டியையும் இழுத்துக்கொண்டு அது நிற்காமல் மேட்டை ஏறியது. கத்பர்ட் பக்கத்திலேயே ஓடி, உச்சியில் விழுந்து புரண்டு சிரித்தார்.

டோர்கஸ் மேட்டடிக்குத் திரும்பியதும் ஓர்ம்ஸ்டன் ஒப்பந்தக் காகிதத்தை விரித்துப் பேனாவை மையில் தொட்டுக்கொண்டார். “ஒண்ணே ஒண்ணு, மிஸ்டர் டின்னிங். காலையில வந்த அந்த வெள்ளை என்னது? தண்ணில சுண்ணாம்போ?”

“சுண்ணாம்பேதாங்க ஐயா!” என்று கத்பர்ட் முந்திக்கொண்டார். “மோசமான சுண்ணாம்பு!”

“நினைச்சேன். நல்ல ஊத்துலேர்ந்து எடுன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன்,” என்ற ஓர்ம்ஸ்டன், பின்னால் வாளியோடு நின்ற கம்பெனித் தண்ணீர்க்காரர் பக்கம் திரும்பினார். “பிக்கரிங், நாளையிலேர்ந்து நீ வேலைக்கு வர வேண்டாம்.”

பிக்கரிங் வாளியைக் கீழே வைத்தார். ஜேபஸ் அந்த வாளியைப் பார்த்தார், பிக்கரிங்கைப் பார்த்தார். பேனாவிலிருந்த மை இன்னும் காகிதத்தைத் தொடவில்லை. தாமசின் கண்ணை மூடிக்கொண்டதைப் பார்த்தேன். கணவர் என்ன செய்யப் போகிறார் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

ஜேபஸ் கையை நீட்டித் தலைவரின் தலையிலிருந்து தொப்பியை எடுத்தார். விளிம்பில் காய்ந்திருந்த வெள்ளையை நகத்தால் பெயர்த்து வாயில் போட்டு மென்றார்.

“ஓட்ஸ் மாவுங்க,” என்றார். அக்கரைக்குக் கேட்டிருக்கும். “குழாய் ஒழுகிச்சு, போட்டோம். ஒருத்தருக்குத் தெரியாம ஒருத்தர் மூணு பேரு போட்டுட்டோம். அந்த ஆளு விட்ட தண்ணி நல்ல தண்ணி.”

ஓர்ம்ஸ்டன் வெறுந்தலையோடு நின்றார். “இப்ப ஒழுகுதா?”

“இப்ப இல்லீங்க.”

“இனிமே?”

“ஒழுகலாம். ஒழுகினா ஒரு பிடி போடுங்க. ஒரே ஒரு ஆளு போடணும்.”

கமிட்டியில் யாருக்கோ சிரிப்பை அடக்க முடியாமல் போயிற்று. ஓர்ம்ஸ்டன் சிரிக்கவில்லை. காகிதத்தைத் திரும்பப் படித்தார். தண்ணீரைப் பற்றிய வரியின் குறுக்கே ஒரு கோடு இழுத்தார். கீழே கையெழுத்துப் போட்டார். பிறகு பிக்கரிங்கிடம், “வாளிய எடுய்யா. நாளைக்கு நேரத்தோட வந்து சேரு,” என்றார்.

தொப்பி இன்னும் ஜேபஸ் கையில்தான் இருந்தது. அதை எண்ணெய்த் துணியால், பித்தளையைத் துடைப்பதுபோலச் சுற்றிச் சுற்றித் துடைத்தார். தலைவரின் தலையில் வைத்தார். இரண்டு அடி பின்னால் போய், ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். திரும்பி வந்து, ஒரு நூல் அளவு இடப்பக்கம் நகர்த்தி வைத்தார்.