தொண்ணூறு வீதத்தில் நின்ற மதகு

யுத்த காலத்தில் நான் பார்த்த உத்தியோகத்துக்குத் திட்டமிடல் என்று பெயர். நாளைக்கு எந்த ஊரில் படுப்போம் என்று தெரியாத சனத்துக்கு ஐந்தாண்டுத் திட்டம் எழுதுவதுதான் எங்கள் வேலை. இப்போது இதைச் சொன்னால் வீட்டுப் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். அன்றைக்கு எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை. பிரதேச செயலகத்தின் பின்னறையில், மின்சாரம் இல்லாத பகல்களில் கோப்பு மட்டையால் விசிறிக்கொண்டு, இலக்கு, குறிகாட்டி, அடைவு என்று வியர்க்க வியர்க்க எழுதினோம்.

மாதாமாதம் கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், முன்னேற்ற மீளாய்வுக் கூட்டம் நடக்கும். ஒவ்வொரு வேலையின் பெயரையும் வாசிப்பார்கள். எங்கள் அதிகாரி எழுந்து நின்று அது எத்தனை வீதம் முடிந்திருக்கிறது என்று சொல்ல வேண்டும். நூறு என்றால் மேசையில் இருப்பவர்கள் தலையாட்டுவார்கள். குறைந்தால் காரணம் கேட்பார்கள். எங்கள் அதிகாரி நல்ல மனிதர், பயந்த மனிதரும்கூட. கூட்டத்துக்கு முதல்நாளே அவருக்கு வயிறு சரியில்லாமல் போய்விடும்.

அவரை அதிகம் படுத்தியது ஒரு மதகு, வாய்க்காலைக் கடக்கும் ஒரு சின்னப் பாலம். வாவிக்கு மேற்கே, படுவான்கரையில், வட்டை என்று நாங்கள் சொல்லும் வயல்வெளிகளுக்கு நடுவே ஒரு சிறிய ஊர் இருந்தது. ஊருக்குப் போகும் கிரவல் றோட்டைக் குறுக்கே ஒரு வாய்க்கால் வெட்டியது. அதன்மேல் தென்னங்குற்றிகளைப் போட்டு வைத்திருந்தார்கள். ஆள் போகலாம், சைக்கிள் போகலாம், அதற்கு மேல் பாரம் தாங்காது. மதகு கட்டும் வேலையை அந்த ஊரின் கிராம அபிவிருத்திச் சங்கத்திடமே ஒப்படைத்திருந்தோம். பக்கச் சுவர்கள் இரண்டும் மளமளவென்று எழும்பின. மேலே கொங்கிறீட் தட்டுப் போடுவதுதான் மிச்சம். அந்த இடத்தில் வேலை நின்றுபோனது. மாரி மழைக்கு முன்னும் தொண்ணூறு வீதம், மழை விட்ட பின்னும் தொண்ணூறு வீதம்.

காரணம் அறிந்து வரும்படி அதிகாரி என்னை அனுப்பினார். அந்த ஊர் இருக்கும் மண்டூர்ப் பக்கம் போக வாவியைத் தட்டைப் படகில் கடக்க வேண்டும். அந்தப் படகுக்கு எங்களூரில் பாதை என்று பெயர். ஏறுமுன் இராணுவத்தின் சோதனை, இறங்கியதும் இயக்கப் பொடியன்மாரின் சோதனை. நடுத்தண்ணீரில் மட்டும் யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். அந்தக் கொஞ்ச நேரம்தான் நான் ஒழுங்காக மூச்சு விடுவேன்.

சங்கத் தலைவி ஐம்பதைத் தாண்டியவர். சொந்தமாக வயல் செய்துகொண்டு தனியாக இருந்தார். நான் போன கோபத்தைப் பார்த்து முதலில் இளநீர் வெட்டித் தந்தார்.

“மேசனுக்குக் காய்ச்சல் புள்ள.”

“போன மாசமும் காய்ச்சல் எண்டுதானே சொன்னீங்க?”

“அது வேற மேசன்.”

முகத்தில் ஒரு சுருக்கமும் அசையவில்லை. எனக்கு எரிச்சல் தலைக்கேறியது. மதகு முடியாவிட்டால் அடுத்த வருசம் இந்தப் பக்கத்துக்கு ஒரு வேலையும் தர மாட்டார்கள் என்று மேலிடத்தில் இருந்து வந்ததை அப்படியே ஒப்பித்தேன். அவர் நான் முடிக்கும்வரை காத்திருந்தார்.

“முந்தி இருந்த ஊருக்குச் சோக்கான றோட்டு புள்ள. அந்த றோட்டாலதான் ட்ரக் வந்து என்ட மனிசன ஏத்திட்டுப் போனாங்க. மறுகா மனிசனும் வரல்ல, ஊரும் இல்லாமப் போயிட்டு. இஞ்ச வந்து காடு வெட்டித்தான் இந்த வயலச் செஞ்சன். தென்னங்குத்தி கிடக்குமட்டும் ட்ரக் வர ஏலா. இன்னொருக்கா எழும்பி ஓட என்னால ஏலா புள்ள.”

யாருடைய ட்ரக் என்று நான் கேட்கவில்லை. அந்தக் காலத்தில் அப்படிக் கேட்கும் பழக்கம் யாரிடமும் இல்லை. “அப்ப ஏன் மதகு கேட்டீங்க?” என்று மட்டும் கேட்டேன்.

“நாங்க எங்க கேட்டம்? கூட்டம் வெச்சு என்ன வேணும் எண்டு நீங்கதான் கேட்டீங்க. நாங்க கிணறு எண்டம். உங்கட திட்டத்தில மதகுதானே இருந்திச்சு.”

அந்தக் கூட்டத்தை நடத்தியவள் நான்தான். மிச்ச இளநீரைக் குடித்து முடித்தேன்.

அதன்பிறகு காரணம் கண்டுபிடிக்கும் வேலையை நானே எடுத்துக்கொண்டேன். சீமெந்தை வாவிக்கு அந்தப் பக்கம் கொண்டுபோக இராணுவத்தின் அனுமதி வேண்டும். பதுங்குகுழி கட்டிவிடுவார்கள் என்று ஒரு மூட்டையைக்கூட இலேசில் விட மாட்டார்கள். ஆகவே ‘சீமெந்து அனுமதி கிடைக்கவில்லை’ என்று எழுதினால் கச்சேரியில் எவரும் மறு கேள்வி கேட்பதில்லை. சுவருக்குப் பிறகு தட்டுக்கு நாங்கள் அனுமதி கேட்கவே இல்லை என்பது அதிகாரிக்கும் தெரியும். அவர் அந்தப் பக்கத்தை மட்டும் வேகமாகப் புரட்டிக் கையெழுத்து வைப்பார்.

ஒருநாள் காலை பாதையில் ஏறப்போனபோது, எப்போதும் அடையாள அட்டையைப் பார்த்துவிட்டுத் தலையசைக்கும் சிப்பாய் என்னை நிறுத்தினான். அரைகுறைத் தமிழில், “மிஸ், மதகு முடிஞ்சதா?” என்றான்.

 இல்லை என்று தலையாட்டிவிட்டு ஏறினேன். அக்கரையில் இறங்கியதும் பையைச் சோதித்த பொடியன், மீசை அரும்பாதவன், மிக மரியாதையாகக் கேட்டான்: “அக்கா, உங்கட மதகு இன்னும் தொண்ணூறிலயா நிக்குது?”

எங்கள் அறிக்கைகளை ஒருவரும் வாசிப்பதில்லை என்று அலுவலகத்தில் நாங்கள் எல்லோரும் குறைப்பட்டுக்கொள்வோம். இரண்டு பக்கத்தாரும் வாசிக்கிறார்கள் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. எத்தனை பிரதி அடிக்கச் சொன்னாலும் அடித்துக் கொடுத்திருக்கிறேன். அவை எங்கெங்கே போகின்றன என்று ஒருநாளும் யோசித்ததில்லை. தலைவியிடம் இரண்டு கேள்விகளையும் அப்படியே சொன்னேன். அவர் நெல் புடைத்துக்கொண்டிருந்தார். கை நின்றது, பிறகு மறுபடி புடைத்தார்.

சில நாட்களில் நாங்கள் கேட்காத சீமெந்து அனுமதி தானாக வந்தது. பின்னாலேயே மூட்டைகளும் வந்தன. அக்கரையில் அதை இறக்க யாரும் தடை சொல்லவில்லை. இரண்டு தரப்பும் ஒரே வேலைக்கு வழிவிட்டதை நான் அதற்கு முன் கண்டதில்லை. அதிகாரி அனுமதிக் கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இனி நமக்குச் சொல்ல ஒரு காரணமும் இல்ல,” என்றார்.

தலைவியும் அதைத்தான் சொன்னார். “போடுவம் புள்ள. போடாட்டி ஏன் போடல்ல எண்டு ரெண்டு பக்கத்தாரும் வந்து கேப்பாங்க. நான் ஆருக்கு என்ன சொல்ற?”

ஊர் கூடிச் சம்பளமில்லாமல் செய்யும் சிரமதானம் என்றால் எங்கள் பக்கத்தில் பகிடியும் பாட்டுமாக இருக்கும். அன்றைக்கு ஊர்ச்சனம் வாய் திறக்காமல் கொங்கிறீட் குழைத்தது. தட்டு நிரம்ப நிரம்ப, ஆண்கள் மாறி மாறி றோட்டின் கிழக்குப் பக்கத்தைப் பார்த்தார்கள். அங்கே மாடுகள் மட்டும் நின்றன. தலைவி தன் கையால் மேற்பரப்பைத் தடவிச் சமப்படுத்தினார். வேலை மிகச் சுத்தமாக இருந்தது. அதைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது.

கூட்டத்தில் அதிகாரி “நூறு வீதம்” என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். திரும்பும் வழியில் அவர் எனக்கு வடையும் தேத்தண்ணியும் வாங்கித் தந்தார். இரண்டு பேரும் சாப்பிடவில்லை.

நெல் கதிர் தள்ளும் காலத்தில் படுவான்கரையில் ஷெல் விழத் தொடங்கியது. சனம் தோணிகளில் இக்கரைக்கு வந்து குவிந்தது. ட்ரக்குகள் அந்த மதகின் மேலால்தான் போயின என்று வந்தவர்கள் சொன்னார்கள். அந்த ஊர் ஆட்களைக் கல்லடியில் ஒரு பள்ளிக்கூடத்தில் தங்க வைத்தோம்.

அந்த நேரம் பார்த்து, முடிந்த வேலைகளால் சனம் பயனடைகிறதா என்று அளந்து அனுப்பும்படி ஒரு படிவம் வந்தது. இதை எழுதும்போதும் எனக்கு ஆத்திரம் வருகிறது. படிவத்தோடு நான் கல்லடிக்குப் போனேன். தலைவி ஒரு வகுப்பறையில், சேலையால் மறைத்த மூலையில் உட்கார்ந்திருந்தார். என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவர் பாயில் இடம் விட்டார்.

“மதகு பாவனையில இருக்கா எண்டு கேக்கச் சொல்லி இருக்காங்க,” என்றேன். 

“இருக்கும். ஆர் பாவிக்கிறாங்க எண்டு கேக்கச் சொல்லல்லையா?”

“இல்ல.”

அவர் என் கையில் இருந்த படிவத்தைப் பார்த்தார். பிறகு, “அங்கால வேற என்ன வேலை நடக்குது?” என்றார்.

வாய்க்காலுக்குத் தெற்கே, இன்னும் ஷெல் விழாத ஊருக்குப் போகும் றோட்டுக்குக் கிரவல் போட்டு வருவதைச் சொன்னேன்.

“எத்தின வீதம்?”

“எண்பதத் தாண்டிட்டு.”

அவர் முகம் மாறியது. “அங்கதானே என்ட தங்கச்சி இருக்கா,” என்றபடி எழும்பினார். என்னிடம் வேறொன்றும் கேட்கவில்லை. கூந்தலை முடிந்துகொண்டு முற்றத்தில் இறங்கி, மர நிழலில் படுத்துக்கிடந்த தோணிக்காரர்களை ஒவ்வொருவராகத் தட்டி எழுப்பத் தொடங்கினார்.