ராஜத்தின் பாலில் மருந்து இல்லை

என் நாத்தனார் ராஜத்தின் வலிப்பு மருந்தைச் சாக்கடையில் கொட்டியவள் நான்தான். மருத்துவமனையில் கேட்டபோது, தவறாமல் கொடுத்தேன் என்று சொன்னவளும் நான்தான். முதலாவதை நீங்கள் மன்னித்தாலும் இரண்டாவதை மன்னிக்க மாட்டீர்கள்... எனக்கே முடியவில்லை.

நாட்டுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், கிடைப்பதற்கு முந்திய வருடம் அது. காஜா பேராங்கில் வாடகை வீடு. நான், என் கணவர், அவர் தங்கை ராஜம். அரசாங்க மருத்துவமனையில் தந்த கூட்டுக் குளிகையால் ராஜத்துக்கு வலிப்பு நின்றிருந்தது. பக்கத்துக் கம்போங் செட்டிப் பெண்களுக்கு மலாய்ப் பாணிக் கெபாயாச் சட்டை தைத்துக் கொடுப்பாள். அவளுடைய விளிம்புத் தையலுக்காகவே தேடி வருவார்கள். வலிப்பு நின்றால் அவள் பால்குடம் எடுப்பாள் என்று மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டவள் நான். திருவிழா நெருங்கியதும் வீட்டில் விரதம் தொடங்கியது.

குழாயடியில் பக்கத்து வீட்டுப் பாப்பம்மாக்கா பிடித்துக்கொண்டார். "அந்த மருந்துக் கூடு மாட்டெலும்புல செய்றதுலா. பால்குடம் எடுக்கிற பொண்ணு வாயில அதப் போடுறியே, மீனை மட்டும் எதுக்கு விட்டீங்க? அதையும் ஆக்க வேண்டியதுதானே?" சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

மருத்துவமனையில் மருந்து எடுத்துக் கொடுக்கும் டிரஸ்ஸர் தமிழர்தான். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஆனால் வெளி ஆண்களிடம் பேச எனக்கு நாக்கு எழாது.

"கூட்டைப் பிரிச்சுத் தூளை மட்டும் பால்ல கலக்கித் தர்றேன்" என்று ராஜத்திடம் சொன்னேன்.

"உங்களுக்குத் தெரியாததா அண்ணி" என்றாள்.

முதலில் அப்படித்தான் கலந்தேன். பிறகு மனம் ஒப்பவில்லை. அந்தக் கூட்டுக்குள் கிடந்த தூளுக்கு மட்டும் தீட்டு இல்லையா? கொட்டிவிட்டேன். வெறும் பாலில் சீனி போட்டுக் கொடுத்தேன். அம்மாள் பார்த்துக்கொள்வாள் என்று நம்பினேனா, பாப்பம்மாக்காவின் வாய்க்குப் பயந்தேனா... இன்றும் தெரியவில்லை.

விரதம் முடியுமுன் ஒரு காலையில் தையல் மெஷினிலிருந்து ராஜம் சரிந்தாள். வலிப்பு விட்டு விட்டு வந்துகொண்டே இருந்தது. மருத்துவமனைக்குத் தூக்கிப் போனோம்.

"மருந்து ஒழுங்கா கொடுத்தியாம்மா?" டிரஸ்ஸர் கேட்டார். கணவர் என் பக்கத்தில் நின்றார்.

"கொடுத்தேங்க."

"ஒரு வேளையும் விடலியே?"

"இல்லைங்க."

அதை அவர் வெள்ளைக்கார டாக்டரிடம் ஆங்கிலத்தில் சொன்னார். பழைய அளவு போதவில்லை என்று முடிவு கட்டி மருந்தைக் கூட்டினார்கள்.

அதற்குப் பிறகு நான் ஒரு குளிகையும் தவறவிட்டதில்லை. வலிப்பு வருவதில்லை. ஆனால் ராஜம் படகில் நிற்பவள் போல ஆடி ஆடி நடக்கிறாள். பேச்சு இழுக்கிறது. ஈறு தடித்துவிட்டதால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள். தையல் கோட்டை விட்டு ஓடுகிறது. கெபாயாத் துணி வருவது நின்றுவிட்டது.

"அம்மாளுக்கு என் குடம் வேணாம் போல அண்ணி. நான்தான் ஏதோ சுத்தக் குறைவா இருந்திட்டேன்" என்றாள் ஒரு நாள். நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். களைந்துகொண்டே இருந்தேன்.

மருந்து வாங்கப் போகும் ஒவ்வொரு முறையும் சொல்லிவிடுவது என்றுதான் கிளம்புகிறேன். சொன்னால் அளவைக் குறைத்துப் பார்ப்பார்கள். அவள் கை அவளுக்குத் திரும்பக் கிடைக்கலாம். தெரிந்தும் வாய் திறக்கவில்லை... வருடங்கள் ஓடிவிட்டன.

போன முறை புதிதாக வந்த டிரஸ்ஸர், "மருந்து யாரு கொடுக்குறது?" என்று கேட்டார்.

ராஜம் என் கையைப் பிடித்துக்கொண்டு, இழுத்து இழுத்துச் சொன்னாள்: "எங்க அண்ணிதான். ஒரு நாளும் மறந்ததில்ல."

அவர் என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன்.