மச்சான் தூக்கிய இடது கை

சென்ற வருடம், மழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் அது. இடம் வெள்ளவத்தை. காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஓர் ஒழுங்கையில், வழக்கமாகப் பிறந்தநாளும் பெண்பிள்ளைகளின் சாமத்தியவீடும் நடக்கும் மண்டபம் ஒன்றில், நாங்கள் சில பெண்கள் சேர்ந்து ஒரு பழைய கிரேக்க நாடகத்தைத் தமிழில் போட்டோம்.

நான் நடிகை ஒன்றும் இல்லை. கொள்ளுப்பிட்டியில் ஓர் அலுவலகத்தில் கணக்குப் பார்ப்பவள். சனிக்கிழமைகளில் பொழுதுபோக்காக ஒரு நாடகக் குழுவுக்குப் போய்வருவேன். குழுவை நடத்துபவர் ஓர் ஆங்கில ஆசிரியை. நாங்கள் டீச்சர் என்போம். கிரேக்கக் கதையை அவர்தான் தமிழாக்கினார்.

கதை இதுதான். ஐம்பது சகோதரிகள். அவர்களுடைய தகப்பனின் உடன்பிறந்தவருக்கு ஐம்பது ஆண்பிள்ளைகள். கட்டினால் இவர்களைத்தான் கட்டுவோம் என்று அந்த ஐம்பது பேரும் பிடிவாதமாக நிற்கிறார்கள். சகோதரிகள் கப்பல் ஏறித் தப்பி வேறொரு நாட்டுக்கு வந்து, கோயிலில் தஞ்சம் புகுந்து, அந்த நாட்டு அரசனிடம் இடம் கேட்கிறார்கள். தராவிட்டால் இந்தக் கோயிலிலேயே தூக்குப் போட்டுக்கொள்வோம் என்கிறார்கள். அரசனுக்குப் பயம். இடம் கொடுத்தால் சண்டை வரும், கொடுக்காவிட்டால் பழி வரும். என் மக்களைக் கேட்டுத்தான் சொல்வேன் என்கிறான். மக்கள் கை உயர்த்தி முடிவு சொல்கிறார்கள். எங்கள் மேடையில் ஐம்பது பேருக்குப் பதிலாக ஏழு பேர். அதற்கே மேடை போதவில்லை.

முதல் வாசிப்பிலேயே எனக்கு ஒரு சிக்கல் தட்டுப்பட்டது. மூலத்தில் அந்த மாப்பிள்ளைமார் பெரியப்பா மகன்மார். எங்கள் வழக்கத்தில் பெரியப்பா மகன் என்றால் அண்ணன். அண்ணனைக் கட்ட மாட்டேன் என்று ஒரு பெண் சொன்னால் அதில் என்ன நாடகம் இருக்கிறது? சனம் பாதியில் எழும்பிப் போய்விடும். “டீச்சர், மாமி மகன்மார் எண்டு மாத்துவம். மச்சான் முறை எண்டாத்தான் உரிமை வரும். உரிமை இருக்கிறவனை வேண்டாம் எண்டாத்தான் கதை,” என்றேன். டீச்சர் என்னைக் கட்டிப்பிடிக்காத குறை. அந்த இடத்திலேயே பேனாவை எடுத்து மாற்றினார்.

பஸ்ஸில் வீட்டுக்கு வரும்போதுதான் நான் என்ன செய்திருக்கிறேன் என்று எனக்கே விளங்கியது. ஏனென்றால் எனக்கும் ஒரு மாமி மகன் இருந்தார்.

மாமி என்பது அப்பாவின் அக்கா. கொட்டாஞ்சேனையில் இருக்கிறார். ஊரில் இருக்க முடியாமல் நாங்கள் கொழும்புக்கு வந்த காலத்தில், தன் வீட்டு மேல்மாடியை எங்களுக்கு விட்டு, நாங்கள் தனி வீடு பார்த்துப் போகும்வரை ஒரே அடுப்பில் வைத்துச் சோறு போட்டவர். அப்பாவுக்கு அக்கா என்றால் சாமி மாதிரி. நான் பள்ளிக்கூடம் போகிற வயதிலேயே இவளுக்கு மாப்பிள்ளை தேடும் கஷ்டம் இல்லை என்று பெரியவர்கள் சிரித்துக்கொள்வார்கள். பிறகு சிரிப்பு நின்று காரியம் தொடங்கியது. சாதகம் பார்த்தார்கள், பொருந்தியது. தாலிக்குப் பொன்னுருக்க நாள் பார்ப்பதுதான் மிச்சம்.

எனக்கு விருப்பமில்லை. இதை இங்கே எழுதுவது எவ்வளவு லேசாக இருக்கிறது. அன்று ஒருவரிடமும் சொல்ல முடியவில்லை. சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். மச்சான் குடிக்க மாட்டார். புறக்கோட்டையில் தகப்பனோடு கடையைப் பார்க்கிறார். எவரிடமும் குரல் உயர்த்தி நான் பார்த்ததில்லை. எனக்கு வேறு ஒருவரும் மனதில் இல்லை. பிறகு என்ன காரணத்தைச் சொல்வது? ஒரே வீட்டில் ஓடி விளையாடி வளர்ந்த ஒருவரை அப்படி நினைக்க என் மனம் ஒப்பவில்லை, அவ்வளவுதான். அதை யாராவது காரணம் என்று ஒத்துக்கொள்வார்களா? நான் மறுத்தால் அப்பாவும் மாமியும் ஒருவர் முகத்தில் ஒருவர் முழிக்க முடியாமல் போய்விடும். அதை நினைத்தே வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

நாடகத்தில் மக்கள் கை உயர்த்தும் இடத்துக்கு டீச்சர் ஒரு யோசனை வைத்திருந்தார். பார்க்க வந்த சனம்தான் அந்த நாட்டு மக்கள். அரசன் அவர்களைப் பார்த்துக் கேட்பான். அவர்கள் கை தூக்கினால் எங்களுக்கு இடம். தூக்காவிட்டால் மாப்பிள்ளை வீட்டு ஆட்கள் வந்து எங்களைக் கப்பலுக்கு இழுத்துப் போவார்கள். இரண்டு முடிவையும் ஒத்திகை பார்த்து வைத்திருந்தோம்.

வெள்ளவத்தைக்கு இரண்டு வாரம் முன்னர் கொட்டாஞ்சேனையில், ஒரு தேவாலய மண்டபத்தில் முதல் தடவை போட்டபோது பயமே இருக்கவில்லை. வந்தவர்கள் அநேகமாகக் கத்தோலிக்கர்கள். அரசன் வாயைத் திறக்க முன்னரே பின்வரிசையில் ஒருவர், “முதல்ல பாதரிட்டக் கேட்டவையோ? மச்சான் மச்சாள் கட்டுறதெண்டா மேலிடத்தில அனுமதி எடுக்க வேணும்,” என்று சத்தமாகச் சொல்ல, சபை சிரித்தது. எங்கள் அரசனும் சிரித்துவிட்டாள். வங்கியில் வேலை செய்யும் பெண் அவள், ஒட்டுத்தாடி ஒரு பக்கம் கழன்று தொங்கியது. அனுமதி இல்லாத கலியாணம்தானே என்று நினைத்தார்களோ என்னவோ, கைகள் மளமளவென்று உயர்ந்தன. அன்று மாமி வீட்டில் ஏதோ திவசம், அவர்கள் ஒருவரும் வரவில்லை. தப்பினேன் என்று நினைத்தேன்.

வெள்ளவத்தைக்கு அப்பாவே மாமியைத் தொலைபேசியில் கூப்பிட்டுவிட்டார். பிள்ளை நடிக்கிறாள், மருமகள் ஆகப்போகிறவள், வந்து பாருங்கோ என்று. அம்மாவுக்குக் கதை தெரியும். “அந்த மாமி மகன் எண்டுறதை இனி மாத்த ஏலாதோ?” என்று மெல்லக் கேட்டார். ஏலாது என்றேன்.

திரைச்சீலை விலகியபோது மூன்றாம் வரிசையில் நால்வரும் இருந்தார்கள். அப்பா, அம்மா, பட்டுச்சேலையில் மாமி, ஓரத்தில் மச்சான். மாமி என்னைக் கண்டுபிடித்துப் பக்கத்து ஆளுக்குக் காட்டிக்கொண்டிருந்தார்.

வெள்ளவத்தைச் சனம் வேறு சனம். மாமி மகன்மார் என்ற சொல் மேடையில் விழுந்ததும் முன்வரிசையில் ஓர் அம்மா, “உரிமைப் பெடியள்தானே, பிறகென்ன கப்பல் ஏறி ஓடுறது?” என்றார். வேறொருவர், “ஐம்பது கலியாணத்துக்கு இந்தக் கொழும்பில ஹோல் எங்க எடுக்கிறது, அதுக்குத்தான் ஓடியிருப்பாளவை,” என்றார். மண்டபம் குலுங்கியது. துயர நாடகம் பகிடியாகப் போய்க்கொண்டிருந்தது. டீச்சர் திரை ஓரத்தில் தலையில் கை வைத்தபடி நின்றார்.

தூக்குப் போட்டுக்கொள்வோம் என்று நாங்கள் ஏழு பேரும் சேலைத் தலைப்பைக் கழுத்தடியில் பிடித்தபோதுதான் சிரிப்பு நின்றது. அடுத்து என் வசனம். ஏன் இவர்களை மறுக்கிறீர்கள் என்று அரசன் கேட்க, நான் முன்னுக்கு வந்து பதில் சொல்ல வேண்டும். டீச்சர் எழுதிய அழகான நீண்ட வசனம், கடல், பறவை, பருந்து எல்லாம் வரும். எனக்குத் தண்ணீர்பட்ட பாடு.

முன்னுக்கு வந்தேன். மாமி நேரே பார்த்துக்கொண்டிருந்தார். பறவையும் பருந்தும் எங்கே போயினவோ தெரியவில்லை. மறந்துவிட்டாள் என்று நினைத்து டீச்சர் முதல் சொல்லை எடுத்துக் கொடுத்தார். அது காதில் விழுந்தது, வாயில் வரவில்லை. கடைசியில் நான் சொன்னது வேறு.

“எங்களுக்கு விருப்பமில்லை. ஏனெண்டு கேக்காதேங்கோ.”

செந்தமிழ் நாடகத்தின் நடுவே வீட்டுப் பேச்சு. சொன்ன பிறகுதான், அதை யாரைப் பார்த்துச் சொன்னேன் என்பது எனக்கு உறைத்தது.

அரசனாக நடித்தவள் கெட்டிக்காரி. சமாளித்துக்கொண்டு சபையைப் பார்த்து, “நகரத்து மக்களே, இந்தப் பெண்களுக்கு இடம் கொடுப்போமா? சம்மதிப்பவர்கள் கை உயர்த்துங்கள்,” என்றாள்.

ஒரு கையும் எழவில்லை. சனம் ஆளை ஆள் பார்த்தது. இது நாடகமா, உண்மையாகவே கேட்கிறார்களா என்று அவர்களுக்கும் குழப்பம் போலும். மாப்பிள்ளை வீட்டு ஆட்களாக நடிப்பவர்கள் கயிற்றோடு திரை ஓரத்துக்கு வந்துவிட்டார்கள். எனக்கு அது ஒத்திகை பார்த்த முடிவாகத் தெரியவில்லை. என் முடிவாகத் தெரிந்தது.

அப்போது மூன்றாம் வரிசையில் ஒரு வலது கை உயர்ந்தது. மச்சான். மாமி திரும்பிப் பார்த்து, சட்டைக் கையைப் பிடித்து, சின்னப் பிள்ளையை இழுப்பது போலக் கீழே இழுத்தார். கை இறங்கியது. இறங்கிய வேகத்தில் மற்றக் கை எழும்பியது. இடது கை. மாமிக்கு எட்டாத பக்கம். அதை அவர் இறக்கவே இல்லை.

பிறகு பின்னாலிருந்து பெண்களின் கைகள். என் அம்மாவின் கை. கப்பல் ஏறி ஓடுவதென்ன என்று கேட்ட அதே முன்வரிசை அம்மா இரண்டு கையையும் தூக்கினார். அப்பாவின் கை தலைவரைக்கும் போய், சொறிவதா தூக்குவதா என்று தெரியாமல் அங்கேயே நின்றது. மாமி மட்டும் கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி இருந்தார். இடம் கிடைத்துவிட்டது என்று அரசன் அறிவித்தாள். நாங்கள் நன்றிப் பாட்டுப் பாட வேண்டும். நான் பாடவில்லை, விம்மி விம்மி அழுதேன். நடிப்பென்று நினைத்துச் சனம் கைதட்டியது. அன்று என் நடிப்பைப் புகழாதவர் இல்லை.

முடிந்த பிறகு நடைபாதையில் பிளேன்டீயும் பற்றிஸும் கொடுத்தார்கள். மாமி எவரோடும் பேசாமல் வாசலுக்குப் போய் நின்றார். மச்சான் தேநீர்க் கோப்பையோடு என் பக்கத்தில் வந்தார்.

“நீ சொன்னது டீச்சர் எழுதினதோ?”

“இல்லை.”

“அப்பவே விளங்கினது,” என்றார். “நீ வீட்டில ஒண்டும் சொல்லாத. நான்தான் வேண்டாம் எண்டனான் எண்டு இருக்கட்டும். நான் கை தூக்கினதை எல்லாரும் பார்த்தவை. அம்மா நம்புவா.”

எனக்கு உயிர் திரும்பி வந்தது போல இருந்தது. அந்த அவசரத்தில், “அப்ப உங்களுக்கும் விருப்பமில்லையோ மச்சான்?” என்று கேட்டுவிட்டேன்.

அவர் சிரித்தார். “அதையும் கேக்காத,” என்றார். பிறகு வெளியே போய், “மல்லி, கொட்டாஞ்சேனைக்கு யமுத?” என்று, தம்பி போவோமா எனச் சிங்களத்தில் கேட்டு ஓர் ஓட்டோவை மறித்து, மழையில் நனையாமல் மாமியைக் கைபிடித்து ஏற்றினார்.

அவர் சொன்னபடியே நடந்தது. என் மகன் மறுத்துவிட்டான், எந்த முகத்தோடு உன் வீட்டுப் படி ஏறுவேன் என்று மாமி அப்பாவிடம் தொலைபேசியில் அழுதார். அப்பா கோபிக்கவில்லை. அக்காவைத் தேற்றினார். தொலைபேசியை வைத்துவிட்டு என்னைப் பார்த்து, பெருமூச்சு விட்டு, சாப்பிட்டியோ பிள்ளை என்று மட்டும் கேட்டார். அவருக்கு எவ்வளவு தெரியும் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. அன்று பின்னேரம் நான் கடற்கரைக்குப் போய், ரயில் பாதையைத் தாண்டி, கல்லின் மேல் இருந்து ஒரு கடதாசிச் சுருள் சுண்டல் முழுவதையும் தனியாகச் சாப்பிட்டேன். அப்படி ருசித்துச் சாப்பிட்டுப் பல மாதம் ஆகியிருந்தது.

தீபாவளிக்கு மாமி வந்தார், வழக்கம்போலப் பயற்றம் பணியாரத்தோடு. என்னைப் பக்கத்தில் இருத்தித் தலையைத் தடவி, “அவன் சொன்னதை மனசில வச்சிராத பிள்ளை. உன்னில ஒரு குறையும் இல்லை. அவனுக்குத்தான் குடுத்துவைக்கேல்லை,” என்றார். நான் இன்னொரு பணியாரத்தை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன். மச்சான் எதிர்க் கதிரையில் இருந்து, திட்டு வாங்குவதையே தொழிலாகக் கொண்டவர் போலச் சாவதானமாகப் பணியாரம் கடித்துக்கொண்டிருந்தார். மாமி போகும்போது, உங்கட நாடகமும் எனக்குப் பிடிக்கேல்லை, அந்த ராசாவுக்குத் தாடியே பொருந்தேல்லை என்றும் சொல்லிவிட்டுப் போனார். உறவு விட்டுப்போகவில்லை என்று அப்போதுதான் எனக்கு முழு நிம்மதி வந்தது.

அதன் பிறகு மச்சானை எத்தனையோ தரம் கண்டுவிட்டேன். கடைக் கதை கதைப்போம், கிரிக்கெட் கதைப்போம். அவருக்குப் பெண் பார்க்கிறார்கள், படங்களை மாமி எனக்கும் காட்டுகிறார். ஏனென்று கேட்க வேண்டாம் என்று அன்று ஒரு மண்டபம் நிறைந்த சனத்திடம் கேட்டேன். கேட்கும் உரிமை உள்ள அந்த ஒருவர் மட்டும் இன்றுவரை என்னிடம் ஏன் என்று கேட்கவே இல்லை.