ஊமத்தங்காயின் முள்நுனி

சோளக்காட்டுப் பேருந்து நிறுத்தத்துக்குப் பின்னால், சிவபூசைக்கு ஊமத்தம்பூப் பறிக்கப் போன ஒரு விடியற்காலையில் அவரைக் கண்டேன். நரைத்த தாடியும் முழங்கை நிறைய முள் கீறல்களுமாக, ஈரத்தரையில் குப்புறக் கிடந்தார். சாஷ்டாங்கமாக விழுந்து வணங்குகிறாரோ என்று எண்ணி நெகிழ்ந்தேன். முகத்தருகே கேமரா இருந்தது.

மிளகு மூட்டையோடு பேருந்துக்கு நின்றிருந்த பெண் விளக்கினார்: "முள்ளு இருக்கறத மட்டுந்தான் படம் புடிப்பாருங்க. போன வாரம் முள்ளம்பன்றிக்குக் காத்துக் கெடந்தாரு."

நான் ஊமத்தங்கிளையைத் தொட்டதும், தரையில் கிடந்தவர் கையை உயர்த்தினார்.

"ஏனுங்க சாமி, பத்து நிமிசம் பொறுங்க. காயோட முள்ளு நுனியில பனித்துளி நிக்குது. அதுமேல வெயில் படோணும். செடி ஆடுனாப் போச்சுங்க."

"சிவபூசைக்கு நேரமாச்சுங்க" என்றேன்.

"ஆடுகூடத் திங்காத செடிக்கு ரெண்டு பெரியவங்க சண்டை கட்டறாங்க பாரு!" என்று அந்தப் பெண் சிரித்தார்.

நான் பறித்தேன். துளி விழுந்தது. அவர் கோபிக்கவில்லை.

"சாமிக்குத்தானுங்களே, போகட்டும். நாளைக்கும் பனி பெய்யுமுங்க" என்று கேமராவை மூடினார்.

எவ்வுயிர்க்கும் இரங்கச் சொல்லும் பதிகங்கள் எனக்கு நூற்றுக்கணக்கில் மனப்பாடம். அன்று கோயில் நடை திறக்க இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. நான் விரைந்தது பேருந்தில் ஜன்னலோர இருக்கைக்காக, அது கிடைத்தது. பூசையும் குறைவின்றி நடந்தது. இறைவனுக்கு என்னைத் தெரியும். அந்த மனிதரோ, நான் சொன்னதை அப்படியே நம்பிவிட்டார்.