நூற்றுப்பத்து வயதுக் கை

நாங்கள் குடியேறிய நார்த்மீட்டில் எங்கள் பக்கத்து வீட்டு ஜப்பானிய அம்மாவுக்கு நூற்றுப்பத்து வயது கடந்திருந்தது. பிறந்தநாளுக்குப் பேப்பர்காரர்கள் படம் எடுக்க வருவார்கள். என்ன சாப்பிடுகிறீர்கள், எத்தனை மணிக்குத் தூங்குகிறீர்கள் என்று கேட்பார்கள். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. எண்பதைத் தாண்டிய மகன்தான் பதில் சொல்வார். அவரை நாங்கள் அங்கிள் என்போம். அந்த அம்மாவின் மற்றப் பிள்ளைகள் எல்லோரும் இறந்துவிட்டார்கள். மிஞ்சியவர் இவர் ஒருவர்தான்.

தம்பி பிறந்தபோது எனக்கு ஏழு வயது. எங்களுக்கு நடுவில் பிறந்த தங்கச்சி ஒரு வயது காணுமுன் இறந்துவிட்டாள். அதனால் தம்பி தூங்கினால்கூட அம்மா மூக்கருகே விரல் வைத்துப் பார்ப்பார். அவனுக்கு முதல் சோறு ஊட்டும் நாள் வந்தபோது, ஆயுசு கூடியவர் கையால்தான் தீத்த வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார்.

"பக்கத்து வீட்டு அம்மாவைக் கூப்பிடுங்கோ. வேற ஒருத்தரும் வேண்டாம்."

"அவ தீத்தினா பிள்ளை ஜப்பான் பாஷையெல்லோ கதைக்கும்," என்றார் பெரியம்மா.

"கதைக்கட்டும். உயிரோட இருந்து கதைக்கட்டும்."



அங்கிள் தாயை வீல் செயரில் தள்ளிக்கொண்டு வந்தார். அந்த அம்மாவின் கையால் முதல் வாய் சாப்பிடுகிறவர் அவரைப் போலவே நெடுங்காலம் வாழ்வார் என்று அப்பா ஆங்கிலத்தில் விளக்கினார். அங்கிள் குனிந்து தாயின் காதுக்குள் அதை நிதானமாகச் சொன்னார். தாய் தலையாட்டினார். எங்கள் அம்மா பொங்கலைக் குழைத்துக் கரண்டியில் எடுத்து அவர் கையில் கொடுத்து, தம்பியை நேரே பிடித்தார்.

கரண்டி நடுங்கியபடி தம்பியைத் தாண்டிப் போய் அங்கிளின் வாயருகே நின்றது.

எல்லோரும் சிரித்தோம். "பாவம், மனிசிக்கு ஆள் மாறிப்போச்சு," என்றார் பெரியம்மா. அங்கிள் சிரிக்கவில்லை. வெட்கத்தோடு எங்களைப் பார்த்தார். தாயிடம் ஏதோ மறுத்துச் சொன்னார். கரண்டி அசையவில்லை. கடைசியில் குழந்தையைப் போல வாயைத் திறந்தார்.

தம்பிக்கு இரண்டாவது வாய்தான் கிடைத்தது. அம்மாவின் முகம் அன்று முழுவதும் தெளியவில்லை.

தம்பிக்கு இப்போது தலை வழுக்கை. அங்கிள் அந்த வருடம் முடியுமுன் இறந்துவிட்டார். அவருக்குப் புற்றுநோய் என்று தம்பிக்குச் சோறு தீத்துவதற்கு முன்பே ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். தாய்க்கும் அது தெரிந்திருந்தது. எங்கள் சடங்கை அம்மாவைப் போலவே முழுதாக நம்பிய இன்னொரு தாய் அன்று அந்த அறையில் இருந்தார் என்பது எனக்கு அப்போது விளங்கவில்லை.