மேற்கே தலைமாடு

நாலாயிரத்து எழுநூற்றைம்பது ரூபாய். விமலதாச பாஸுக்கு நான் கொடுக்க வேண்டியிருந்த பாக்கி. ஒரு கட்டிலுக்காக. இதை முதலிலேயே எழுதி வைக்கிறேன். மற்றது எதையும் நீங்கள் போய் விசாரிக்க முடியாது. இந்தத் தொகையை மட்டும் எங்கள் மொரட்டுவையில் யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுக்கொள்ளலாம்.

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். நான் குடிப்பதில்லை. அந்த மூன்று இரவும் எனக்குக் காய்ச்சல் இல்லை. நடந்ததை நடந்த வரிசையில் சொல்கிறேன்.

நான் மர ஆலையில் பலகை சுமப்பவன். பெயர் ஆரியசேன. ஊர் முழுக்கக் கட்டில் செய்கிறார்கள். நான் சுமந்த பலகையில் எத்தனையோ பேர் படுத்துத் தூங்குகிறார்கள். எங்கள் வீட்டில் இருந்தது என் அப்பா காலத்துக் கட்டில். அதில்தான் எங்கள் குழந்தை பத்தொன்பது நாள் படுத்திருந்தது. இருபதாவது நாள் காலையில் அசையவில்லை.

என் மனைவி சோமலதா அடக்கம் முடிந்த மறுநாளே வாதுவையில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். மூன்று மாதம் ஆயிற்று. நான் ஆலைக்குப் போனேன், வந்தேன், சமைத்தேன், முன்கூடத்தில் பாய் விரித்துப் படுத்தேன். அழுகை வரவில்லை. பசியும் சரியாக வரவில்லை. விரலில் சிராய் ஏறினால்கூட மறுநாள்தான் தெரிந்தது.

ஒருநாள் போனில் பேசினாள்.

“அந்த அறைக்குள்ள என்னால கால் வைக்க முடியாது.”

“அறையை மாத்திடுறேன்.”

“எப்படி? இடிச்சா?”

“எல்லாத்தையும் மாத்துறேன். நீ வந்து பாரு. பிடிக்கலைன்னா திரும்பிப் போயிடு.”

பிறகு சொன்னாள். “ஞாயித்துக்கிழமை வர்றேன். பார்க்க மட்டும்தான்.”

அன்று திங்கள். கையில் நாலாயிரத்து இருநூறு ரூபாய் இருந்தது.

விமலதாச பாஸிடம் போனேன். பாஸ் என்றால் எங்கள் பக்கம் மரவேலைக்காரர். தேக்கும் பலாவும் மிஞ்சிய துண்டுகளில் ஒரு கட்டில் செய்து வைத்திருந்தார். ஆறாயிரத்து எழுநூற்றைம்பது சொன்னார். இரண்டாயிரம் கொடுத்தேன்.

“மிச்சம் எப்ப?”

“வாரம் ஐநூறு.”

“உன் மூஞ்சிக்கு வாரம் ஐநூறு கொஞ்சம் அதிகம்” என்றார். ஆனாலும் எழுதிக்கொண்டார். பாஸ் நோட்டில் எழுத மாட்டார். பட்டறைச் சுவரில் ஒரு மலைவேம்புப் பலகை சாத்தியிருக்கும். கடன் வாங்கியவன் பெயரும் தொகையும் அதில் தச்சுப் பென்சிலால் ஏறும். கடன் தீர்ந்தால் அந்த இடத்தை மட்டும் இழைப்புளியால் ஒரு இழை இழைத்துவிடுவார். பலகை பூராவும் மேடும் பள்ளமுமாக இருக்கும்.

கட்டிலைக் கழற்றி நானே கைவண்டியில் தள்ளிக்கொண்டு வந்தேன். பாஸ் என் வீட்டுக்கு வந்ததே கிடையாது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய கட்டிலைக் கடற்கரைப் பக்கம் ஒருவர் எடுத்துப் போனார். ஆலையில் மூன்று டின்களின் அடியில் கிடந்த பெயின்டைக் கலந்து சுவருக்கு அடித்தேன். பெயர் இல்லாத ஒரு நிறம் வந்தது. தகரக் கூரையிலிருந்து தூசி கொட்டும், அதனால் மேலே துணி கட்டலாம் என்று கடைக்குப் போனேன். பூப்போட்ட துணி மீட்டர் இருநூற்றெண்பது. வெள்ளை நூற்றிருபது. வெள்ளை ஒன்பது மீட்டர் வாங்கி நாலு மூலையிலும் இழுத்து ஆணி அடித்தேன். ஒரு சோபாக் கடையில் அடிபட்ட மேசை விளக்கு இரண்டை நூற்றைம்பதுக்குக் கொடுத்தார்கள். தலைமாட்டில் பக்கத்துக்கு ஒன்றாக வைத்தேன். இடது பக்க விளக்கு எரியவில்லை. உள்ளே வயர் விட்டிருந்தது. சனிக்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன்.

அலுமாரியை அறைக்குள் வைக்க வேண்டும் என்பது சோமாவின் நெடுநாள் ஆசை. அறை எட்டடிக்கு ஒன்பதடி. டேப் வைத்து நாலு விதமாக அளந்தேன். கட்டிலின் தலைமாட்டை மேற்குச் சுவரில் ஒட்டினால் மட்டும்தான் அலுமாரிக்கு இடம் வந்தது. கால்மாட்டுக்கு நேரே கதவு. கதவுக்குப் பக்கத்துச் சுவரில் எங்கள் கல்யாணப் படத்தை மாட்டினேன்.

பக்கத்து வீட்டுக் கருணாவதி அக்கா வாசலில் நின்று எட்டிப் பார்த்தாள்.

“நல்லாத்தான் இருக்கு தம்பி. ஆனா தலை எந்தப் பக்கம்?”

“மேற்கு.”

“பொணத்தைத்தான்டா மேற்கே தலை வச்சுக் கிடத்துவாங்க. உனக்கு யாரும் சொல்லித் தரலையா?”

“தெரியும் அக்கா. அலுமாரியை வேற எங்க வைக்க? உங்க தலையிலயா?”

“என் தலைல ஏற்கெனவே என் மருமகள் இருக்கா” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

புதன்கிழமை இரவு முதன்முதலாக அந்தக் கட்டிலில் படுத்தேன். சோமா வருவதற்குள் கட்டில் கிறீச்சிடுகிறதா என்று பார்த்துவிட வேண்டும். கிறீச்சிடவில்லை. பாஸ் வேலை சுத்தம். தூங்கிவிட்டேன்.

ஒரு மணி நாற்பது நிமிடத்துக்கு விழிப்பு வந்தது. போனில் மணி பார்த்தேன்.

வெளியே முற்றத்தில் நாற்காலி இழுக்கும் சத்தம். பிளாஸ்டிக் நாற்காலி சிமெந்தில் உரசும் சத்தம்... ஒன்று... இன்னொன்று...

எங்கள் வீட்டில் பிளாஸ்டிக் நாற்காலி கிடையாது.

எழுந்து போய்ப் பார்த்தேன். முற்றம் காலி. திரும்ப வந்து படுத்தேன். காலையில் எழுந்தபோது கல்யாணப் படம் சுவரைப் பார்த்துத் திரும்பியிருந்தது. காற்று என்று நினைத்தேன். நேராக்கினேன்.

கருணாவதி அக்காவிடம் கேட்டேன். “ராத்திரி உங்க பக்கம் எழவு வீட்டுல மாதிரி நாற்காலி போடுற சத்தம் கேட்டுச்சா? யாராவது செத்தாங்களா?”

“என் பக்கம் சாகுற வயசுல இருக்கறது நான் ஒருத்திதான். செத்துட்டேனான்னு நீயே பார்த்துச் சொல்லு.”

வியாழக்கிழமை இரவு. மறுபடி ஒன்று நாற்பது.

இந்தமுறை நிறைய நாற்காலிகள். அதோடு வேறொரு சத்தம்... பட்... பட்... பட்... மேசையில் சீட்டை அடித்துப் போடும் சத்தம். யாரோ மெதுவாகச் சிரித்தார்கள். யாரோ “ஷ்ஷ்” என்றார்கள். சமையல்கட்டிலிருந்து இஞ்சிக் கோப்பி வாசனை வந்தது.

எங்கள் ஊரில் எழவு வீட்டு முற்றத்தில்தான் ராத்திரி முழுக்கச் சீட்டாடுவார்கள், இஞ்சிக் கோப்பி கொடுப்பார்கள் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

நான் எழுந்திருக்கவில்லை. எழுந்திருக்கத் தோன்றவில்லை. பயந்திருந்தால் ஓடியிருப்பேன். உடம்பு கட்டிலோடு ஒட்டிக்கொண்டு, சும்மா கேட்டுக்கொண்டிருந்தேன். யாருக்கோ நடக்கிற மாதிரி இருந்தது.

காலையில் படம் மறுபடி திரும்பியிருந்தது.

பிணம் கிடக்கும் வீட்டில் நாங்கள் படங்களைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைப்போம். அடக்கம் முடிந்த பிறகுதான் நேராக்குவோம். குழந்தை போன அன்று இதே படத்தை நான்தான் திருப்பினேன்.

இதற்கு மேல் காற்றைச் சொல்ல முடியவில்லை. படத்தைக் கழற்றிப் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு ஆணி அடித்தேன். கம்பியைச் சட்டத்தோடு சுற்றி, இரண்டு ஆணியிலும் குறடால் முறுக்கினேன். கையால் அசைத்தேன். அசையவில்லை.

முன்கூடத்திலேயே படுத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். ஞாயிற்றுக்கிழமை சோமா இந்த அறையில்தானே வந்து நிற்கப் போகிறாள்... அவள் படுக்க முடியாத இடம் என்றால் எனக்கு முன்னாலேயே தெரிய வேண்டும். அதனால் படுத்தேன். விளக்கை அணைத்தேன்.

வெள்ளிக்கிழமை. ஒன்று நாற்பது.

கண் திறந்தது. வேறு எதுவும் அசையவில்லை. கை இல்லை. கால் இல்லை. மூச்சு போகிறதா என்றும் தெரியவில்லை.

அறையில் வெளிச்சம் இருந்தது. வலது பக்க விளக்கு எரிந்துகொண்டிருந்தது. இடது பக்கம் இருட்டு.

மேலே வெள்ளைத் துணி, எழவு வீட்டில் கட்டுவது போல. தலைக்கு இரண்டு பக்கமும் விளக்கு. தலை மேற்கே. கால் கதவைப் பார்த்து. கதவுக்குப் பக்கத்தில் படம்... அதன் முதுகு எனக்குத் தெரிந்தது.

நான் காசு பார்த்துப் பார்த்துச் செய்த அறை. எல்லாவற்றையும் என் கையால்தான் வைத்தேன். அப்போதுதான் பார்த்தேன், அது என்ன அறை என்று.

கதவு திறந்திருந்தது.

செருப்பைக் கழற்றும் சத்தம். ஒருவர். இன்னொருவர்.

அறைக்குள் ஆட்கள் நின்றார்கள். முகம் தெரியவில்லை. வெள்ளை உடுப்பு மட்டும் தெரிந்தது.

“சின்ன வயசு.”

“குழந்தை போனதிலிருந்தே இப்படித்தான் இருந்தான்.”

“அப்பவே போயிட்டான். இன்னிக்குத்தான் படுத்திருக்கான்.”

என் காலருகே ஒருவர் குனிந்தார். மரத்தூள் வாசனை. தெரிந்த குரல்.

“போகட்டும் ஆரியா. அந்த நாலாயிரத்து எழுநூற்றைம்பதை விட்டுட்டேன். அதை நினைச்சுக்கிட்டுப் போகாத.”

பேச வாய் இல்லை.

பிறகு ஒரு பெண் வந்தாள். என் பாதத்தில் கை வைத்தாள். கை சுட்டது. மூன்று மாதத்தில் என் உடம்பில் ஏதோ ஒன்று பட்டதாகத் தெரிந்தது அப்போதுதான்.

“இங்க பாருங்க” என்றாள். “நான்தான் வர்றேன்னு சொன்னேனே...”

சோமா.

வெளியே யாரோ சொன்னார்கள். “நேரமாச்சு. பெட்டி மூடியைக் கொண்டு வாங்க.”

மரம் சுவரில் இடிக்கும் சத்தம்...

அகலமான பலகை... கதவுக்குள் நுழைகிறது...

நான் பலகை சுமப்பவன். எத்தனை பேர் தூக்குகிறார்கள் என்று சத்தத்தில் தெரியும்.

இரண்டு பேர்.

துணி இருண்டது.

பாதத்தில் அந்தக் கை மட்டும் இருந்தது.

அழுதேன்.

எப்படி வந்தது என்று தெரியாது. மூன்று மாதமாக வராதது வந்தது. சத்தம் போட்டு அழுதேன். அந்தச் சத்தத்தில் உடம்பு அசைந்தது. தரையில் விழுந்தேன். முழங்கையில் தோல் பெயர்ந்தது. வலித்தது.

மணி இரண்டு பத்து. அறையில் யாரும் இல்லை. விளக்குகள் இரண்டும் அணைந்திருந்தன. கதவு உள்பக்கம் தாழிட்டபடியே இருந்தது.

போன் வெளிச்சத்தில் படத்தைப் பார்த்தேன். முதுகைக் காட்டிக்கொண்டிருந்தது. கம்பி அறுந்திருக்கவில்லை. நான் முறுக்கிய முறுக்கு அப்படியே, நான் முறுக்கிய பக்கத்திலேயே இருந்தது.

மிச்ச இரவு வாசற்படியில் உட்கார்ந்திருந்தேன். காலை ஆறு நாற்பதுக்கு, வீட்டுக்கு வரும் ஒழுங்கையின் முனையில் சோமா வந்தாள். அன்று சனிக்கிழமை. அவள் ஞாயிறு அல்லவா சொன்னாள்... பை கூட இல்லை. வெள்ளைச் சேலை கட்டியிருந்தாள்.

என்னைப் பார்த்ததும் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“உனக்கு யாரு என்ன சொன்னா?”

“யாரும் எதுவும் சொல்லல.” கொஞ்ச நேரம் என் கையையே பார்த்தாள். “முழங்கைல ரத்தம் வருது.”

“விழுந்துட்டேன்.”

“வரட்டும்” என்றாள். “ரத்தம் வரட்டும்.”

ஏன் ஒரு நாள் முன்னாலேயே, வெள்ளைச் சேலையில் வந்தாள் என்று நான் கேட்கவில்லை. இரண்டு பேருமாகச் சேர்ந்து துணியை அவிழ்த்தோம். கட்டிலைக் கிழக்கே திருப்பினோம். அலுமாரி பாதிக் கதவை மறைத்தது. இன்றுவரை அந்த அறைக்குள் ஒருச்சாய்த்துத்தான் நுழைகிறோம். சோமா அதற்கு ஒரு வார்த்தையும் சொன்னதில்லை. அன்று இரவு அங்கேதான் படுத்தாள். அதற்குப் பிறகு போகவில்லை.

அந்தச் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வாரக்கூலி வாங்கிக்கொண்டு பாஸின் பட்டறைக்குப் போனேன். ஐநூறு ரூபாயை நீட்டினேன்.

பாஸ் வாங்கவில்லை. என்னை மேலும் கீழும் பார்த்தார். கையிலிருந்த இழைப்புளியை மெதுவாகக் கீழே வைத்தார்.

“நேத்து ராத்திரி உன் வீட்டுக்கு வந்தேன்” என்றார்.

“பாஸ்... உங்களுக்கு என் வீடு தெரியாதே.”

“தெரியாது. இப்பக் கேட்டாலும் வழி சொல்லத் தெரியாது. கனவாத்தான் இருக்கணும். ஆனா எழுந்தப்போ செருப்பைக் காணோம். கட்டிலுக்குப் பக்கத்துலதான் கழட்டி வச்சிருந்தேன்.”

நீட்டிய ஐநூறு ரூபாய் நோட்டை மடக்கினேன்.

“துணியெல்லாம் நல்லாக் கட்டியிருந்தாங்க” என்றார். “இடது பக்க விளக்குதான் எரியல. அதைச் சொல்லலாம்னு பார்த்தேன். யாருகிட்டச் சொல்ல?”

நோட்டை மறுபடி நீட்டினேன். என் கையைத் தொடாமல் தள்ளி நின்றார்.

“வேண்டாம் ஆரியா. எழவு வீட்டுல நின்னு வாயால விட்ட கடன். அதைத் திருப்பி வாங்கினா என்ன ஆகும்னு எனக்குத் தெரியாது. உனக்கும் தெரிய வேண்டாம்.”

சுவரில் சாத்தியிருந்த பலகையைப் பார்த்தேன். மேலே நாலு பெயர், கீழே மூன்று பெயர். நடுவில் என் பெயர் இருந்த இடம் வெள்ளையாக, ஈரம் போல, புதிதாக இழைத்திருந்தது.

அடியில் தரையில் ஒரு சீவல் சுருண்டு கிடந்தது. எடுத்து விரித்தேன். பென்சில் எழுத்து. என் பெயரில் பாதி, தொகை முழுவதும்.

“எப்ப இழைச்சீங்க?”

“முழிச்ச உடனே. அப்புறம் தூக்கம் வரல, அதான் மணி பார்த்தேன்” என்றார். “ரெண்டு பத்து.”